பதினெட்டு வயசுப் பையன் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்வோம்

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால், ஊரிலிருந்து நண்பர்கள் எழுதுவதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: வயசான வெள்ளைக்காரர்களுக்குத்தான் இந்தத் துப்பாக்கி வெறி, அடுத்த தலைமுறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும். டெக்சாஸில் பிள்ளை வளர்க்கிறவன் சொல்கிறேன், அப்படி எதுவும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. இன்று துப்பாக்கி உரிமைக்காக கோர்ட் ஏறுகிற பெரிய வழக்குகளில் பல 18, 19, 20 வயசுக்காரர்களுக்காகப் போடப்பட்டவை.

2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் செத்தார்கள். அடுத்த மாதமே துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு வாஷிங்டனில் மாணவர்கள் லட்சக்கணக்கில் திரண்டார்கள், டேவிட் ஹாக், எம்மா கொன்சாலஸ் என்ற பெயர்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அதே பள்ளியில் அதே நாளில் உயிர் தப்பிய கைல் கஷூவ் என்ற மாணவர் துப்பாக்கி உரிமைக்கு ஆதரவாகப் பேசியது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மே 2 அன்று, நியூ மெக்சிகோ மாணவர் ஒருவர் விடுத்த அழைப்பை ஏற்று, பல மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகள் 16 நிமிடம் வகுப்பை விட்டு வெளியே வந்து துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிற அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்துக்கு ஆதரவாக நின்றார்கள். அதற்கும் பதினொரு வருஷம் முன்னால் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட பிறகு மாணவர்களே ஒரு அமைப்பு தொடங்கினார்கள், கல்லூரிக்குள் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கி கொண்டுவர அனுமதி வேண்டும் என்று. காலி உறையை இடுப்பில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவதுதான் அவர்களுடைய போராட்டம். 'துப்பாக்கிக்குத் தடை' என்று வாசலில் எழுதி வைத்தாயே, கொல்ல வந்தவன் அதைப் படித்துவிட்டா திரும்பிப் போனான் என்பது அவர்கள் கேள்வி.

எங்கள் மாநிலத்தில் அந்த அனுமதிச் சட்டம் 2016 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேல் ஒருவன் ஏறி நின்று கீழே போகிறவர்களைச் சுட்டுத் தள்ளியது 1966 ஆகஸ்ட் 1, சரியாக ஐம்பது வருஷம் முன்னால். இதே தேதியா கிடைத்தது என்று ஒரு தரப்பு கொதித்தது. மறு தரப்பு அதே சம்பவத்திலிருந்து வேறு கதை சொன்னது: அன்றைக்கு ஊர்க்காரர்களும் மாணவர்களும் வீட்டிலிருந்து மான் வேட்டை ரைஃபிளை எடுத்து வந்து கீழிருந்து திருப்பிச் சுட்டதால்தான் அவன் தலை நீட்ட முடியாமல் ஒடுங்கினான் என்று. அது உண்மைதான். மேலே போன போலீஸ்காரர்கள் கீழிருந்து வந்த குண்டுகளுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்தது என்பதும் உண்மை, ஆனால் அந்தப் பாதியை அவர்கள் சொல்வதில்லை.

நண்பர் ஒருவரின் மகன், திருச்சிப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவன், வயசு 19. அவனிடம் இதைப் பற்றிப் பேசினால் கோபமே படமாட்டான், நிதானமாக அடுக்குவான். "அங்கிள், ஓட்டுப் போட 18 போதும். ராணுவத்துல சேர்ந்து வெளிநாட்டுல சாக 18 போதும். தப்பு பண்ணினா பெரியவனுக்குரிய ஜெயில். ஆனா கடையில ஒரு கைத்துப்பாக்கி வாங்க மட்டும் நான் குழந்தையா?" பீரும் 21-தானே, சிகரெட்டும் 2019-லிருந்து 21-தானே என்றால், "பீர் குடிக்கிற உரிமைன்னு அரசியல் சட்டத்துல எங்க எழுதியிருக்கு?" என்பான். போலீஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்டால் எங்கள் டெக்சாஸிலேயே இருக்கிற யுவால்டே ஊர்ப் பள்ளியைக் காட்டுவான். 2022 மே மாதம் அந்தப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட அன்று வந்து சேர்ந்த போலீஸ் மொத்தம் 376 பேர், வகுப்பறைக்குள் போய் அவனை வீழ்த்த ஆனது 77 நிமிடம். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

சட்டமும் கோணல்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் உள்ள கடைக்காரர் 21 வயசாகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது, ஆனால் ரைஃபிள் என்றால் 18 போதும். அதாவது மாநிலச் சட்டம் தடுக்காத இடத்தில், சின்னப் பிஸ்டல் கிடைக்காத பையனுக்கு ராணுவத் துப்பாக்கி சாயலில் இருக்கிற ஏஆர்-15 ரைஃபிள் கிடைக்கும். யுவால்டேயில் சுட்டவன் 18 முடிந்த கையோடு கடைக்குப் போய் முறைப்படி வாங்கினான். அதற்குப் பத்து நாள் முன்பு பஃபலோவில் கறுப்பர்கள் பகுதிக் கடையில் 10 பேரைக் கொன்றவனுக்கும் 18. அப்போ ரைஃபிளுக்கும் 21 வை என்கிறது ஒரு தரப்பு, பிஸ்டலுக்கும் 18 கொடு என்கிறது மறு தரப்பு. ஃப்ளோரிடா பார்க்லேண்டுக்குப் பிறகு எல்லாத் துப்பாக்கிக்கும் 21 என்று வைத்தது, கையெழுத்துப் போட்டவர் ரிபப்ளிகன் கவர்னர், அன்றைக்கே துப்பாக்கி உரிமை அமைப்பான என்ஆர்ஏ வழக்குப் போட்டது.

கோர்ட் நடப்பது இன்னும் விசித்திரம். துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப் போக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதிலிருந்து வக்கீல்கள் எல்லாரும் சரித்திர வாத்தியார்கள் ஆகிவிட்டார்கள். இளைஞர் தரப்பு 1792-ஆம் ஆண்டு மிலிஷியா (குடிமக்கள் படை) சட்டத்தை எடுத்து நீட்டுகிறது: 18 முதல் 45 வரை உள்ள ஆண்கள் சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும் என்றே அதில் இருக்கிறது. (வெள்ளைக்கார ஆண்கள் என்றும் இருக்கிறது, அந்தச் சொல் மட்டும் மெதுவாக விழுங்கப்படும்.) எதிர்த் தரப்போ அந்தக் காலத்தில் 21 வரை எல்லாரும் மைனர், கடனுக்கு ஒரு சாமான் வாங்கக்கூட முடியாது என்கிறது. 2025 ஜனவரியில் ஐந்தாம் சர்க்யூட் நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் இருக்கிற மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) அந்த 1968 சட்டத்தின் கைத்துப்பாக்கித் தடை செல்லாது என்று பசங்க பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் நான்காம் சர்க்யூட் அதே 1968 சட்டம் செல்லும் என்றது. இடையில் மார்ச்சில் பதினொன்றாம் சர்க்யூட் ஃப்ளோரிடா சட்டத்தைக் காப்பாற்றியது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய மைனர் கணக்கை வைத்து இன்றைய பிள்ளைகளின் உயிரைத் தீர்மானிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, எந்தப் பக்கம் ஜெயித்தாலும்.

சரி, என் கட்சி என்ன? 25 வயசு வரை மூளை முழுசாக வளராது, அதனால் கொடுக்காதே என்று கட்டுப்பாடு கேட்கிற நம்ம பக்கத்து ஆட்கள் பேசுவது வேலைக்கே ஆகாது. அப்படியென்றால் ஓட்டையும் பிடுங்கு, ராணுவத்திலும் சேர்க்காதே என்று அந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவான். பள்ளிக் கொலைகளை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதும் போதாது. 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல்! ஒரு பொதுக்கூட்டத்திலாவது இதைப் பற்றி யாராவது தொண்டை கிழியக் கத்திப் பார்த்திருக்கிறீர்களா? துப்பாக்கி எதிர்ப்பாளர்களுக்கு அதில் வில்லன் இல்லை, ஆதரவாளர்களுக்கு அதில் தற்காப்பு இல்லை, ஆக இரண்டு பேருக்கும் அது உதவாது. காதல் முறிவோ, பரீட்சையோ, வேலை போனதோ, அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் தாண்ட நேரம் கிடைப்பதில்லை. இந்த ஆபத்து 19-க்கும் உண்டு, 50-க்கும் உண்டு.

அதனால் வயசு வரம்பு சண்டையில் எனக்குப் பாதி ஆர்வம்தான். 21 இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் அப்பா அலமாரியில் வைத்த பிஸ்டலை அது தடுக்காது. 2021-இல் மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு வயசு 15, துப்பாக்கி அப்பா வாங்கியது. பெற்றோர் இரண்டு பேருக்கும் 2024-இல் தலா 10 முதல் 15 வருஷம் சிறை விதித்தார்கள். எனக்கு வேண்டியது யார் வாங்கினாலும் சில நாள் காத்திருப்பு, சிறுவர்கள் இருக்கிற வீட்டில் பூட்டு, ஆபத்தில் இருக்கிறவரிடமிருந்து நீதிபதி உத்தரவோடு தற்காலிகமாக வாங்கி வைக்கிற சட்டம். இதில் எதுவும் அந்தப் பையனைக் குழந்தை என்று சொல்லவில்லை. அவனிடம் சொன்னேன். காத்திருப்புக்குத் தலையாட்டினான். பூட்டுக்குச் சட்டம் என்றதும் "இன்னிக்குப் பூட்டு, நாளைக்குப் பறிமுதல்" என்று ஆரம்பித்துவிட்டான், அந்த இடத்தில் எங்கள் பேச்சு இன்னும் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

இங்கே இருக்கிற நம்ம தமிழ் ஆட்களுக்கு ஒன்று. பிள்ளைகளை யார் வீட்டுக்காவது ராத்திரி தங்க அனுப்பும்போது நிலக்கடலை அலர்ஜி உண்டு என்று சொல்கிறோம் இல்லையா, கூடவே உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் கேட்கிறேன். டெக்சாஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் வரவில்லை. பக்கத்துத் தெரு வேட்டைக்காரர் ஒருவர் என்னைக் கூட்டிப் போய் பெட்டகத்தைத் திறந்து காட்டி, அதன் விலை, எடை, பூட்டு வேலை செய்கிற விதம் எல்லாம் அரை மணி நேரம் விளக்கினார். முகம் சுளித்தது நம்ம தமிழ் வீடு ஒன்றில்தான், "எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று. துப்பாக்கி இருந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை, பையனை நான் அனுப்பவும் இல்லை.