பேய்க்கதையை யார் தேர்ந்தெடுப்பது?

எங்கள் வாசிப்புக் குழுவில் போன மாதம் ஒரு சின்னச் சண்டை. துப்பறியும் நாவல் படிப்பது என்று முடிவாகி, ஓட்டெடுப்பும் வைத்தோம். ஜெயித்த நாவலில் முதல் பக்கத்திலேயே பிணம் விழுகிறது. அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு மனிதனின் தனிமையைப் பற்றிப் பேச்சு. கொன்றது யார் என்று ஒருத்தருக்கும் கவலையில்லை, எழுதியவர் உட்பட. துப்பறியும் கதைகளிலேயே ஊறிய நண்பர் ஒருவர் குழுவில் இருக்கிறார். புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, "சரி, இதில் துப்பறிந்தது யார்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை.

நானும் அந்த நாவலுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தேன். அதனால்தான் உறுத்துகிறது.

பல வகைப் புத்தகங்களையும் படிக்க வேண்டும் என்று சொல்லாத குழு கிடையாது. ஒரு மாதம் வரலாறு, ஒரு மாதம் கவிதை, ஒரு மாதம் பேய்க்கதை என்று அட்டவணையும் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வகையில் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வது யார்? அந்த வகையே பிடிக்காதவர்கள். எண்ணிக்கையில் அவர்கள்தானே அதிகம்! அவர்கள் தேடுவது, அந்த வகை என்று பேர் பண்ணிக்கொண்டு வேறு எதுவாகவோ இருக்கிற ஒன்றை. பேய் வராத பேய்க்கதை, அறிவியல் இல்லாத அறிவியல் புனைகதை. கடைசியில் வருஷம் முழுக்க ஒரே நாவலை அட்டை மாற்றி மாற்றிப் படிக்கிறோம்.

என் கட்சி இதுதான். வகையைக் குழு முடிவு செய்யட்டும். புத்தகத்தை அந்த வகையில் பைத்தியமாக இருக்கும் ஒருவர் சொல்லட்டும். ஓட்டு வேண்டாம்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது ஒன்று. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அதற்கு அடுத்தது. நாம் இவற்றில் முன்னதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் பொருந்துகிற புத்தகத்தைத் தேடி அலைகிறோம். பின்னதைப் பிடித்தால் வேலை சுலபம். அதற்கான வாசகர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்டால் போதும்.

அவர் குப்பையைக் கொண்டுவந்துவிட்டால்? கொண்டுவரட்டுமே. எல்லாருக்கும் பிடித்துப்போன புத்தகம்தான் கூடுகைக்கு ஆபத்து. "அருமை", "ஆமாம், அருமை" என்று இருபது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் அவரவர் ஆபீஸ் கதை.

கவிதை மாதத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு முந்தைய முறை ஒரு கனமான தொகுப்பை எடுத்து, நாவல் மாதிரி மடமடவென்று புரட்டி, ஒரு வரியும் நினைவில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தோம். இந்த முறை எங்கள் குழுவின் கவிதைப் பைத்தியத்திடம் பொறுப்பை விட்டோம். அவர் கொண்டுவந்தது குறுந்தொகையிலிருந்து ஒரே ஒரு பாட்டு. அந்தத் தொகையின் பாட்டுகளே நாலு முதல் எட்டு அடிதான், இது ஐந்தடி. கபிலர் பாடியது. தலைவன் தலைவியோடு கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற குருகுப் பறவை மட்டும் இருந்தது என்று தலைவி சொல்வாள். ஆளுக்கொரு முறை சத்தமாகப் படிக்க வைத்தார். மூன்றாவது முறை படித்ததும் ஒருவர் கேட்டார்: "அந்தக் குருகு மீனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது, அது எப்படிச் சாட்சி சொல்லும்?" அவ்வளவுதான், இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இது எந்த வகையில் சேரும் என்ற சண்டையையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை எங்களில் ஒருவர் பேய்க்கதைக் கணக்கிலும் இன்னொருவர் அறிவியல் புனைகதைக் கணக்கிலும் கேட்டார்கள். அது அக்காவுக்குத் தம்பி எழுதும் கடிதங்களாகத்தானே தொடங்குகிறது, கடித இலக்கியத்தில் போடுங்கள் என்றார் மூன்றாமவர். அது வெளிவந்த 1818இல் அறிவியல் புனைகதை என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. எந்த அலமாரிக்காக எழுதுகிறோம் என்று அந்தப் பெண் யோசித்திருப்பாரா என்ன! யாருக்கு அதன்மேல் பித்து அதிகமோ அவர் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாம்.

பக்க அளவில் மட்டும் குழு கறாராக இருக்கட்டும். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் ஒரே மாதத்துக்குக் கொடுத்தால் பாதிப்பேர் வர மாட்டார்கள். நாடகம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு அங்கேயே படித்துவிடலாம், முன்கூட்டிப் படிக்காதவரும் மாட்டிக்கொள்ள மாட்டார்.

இந்த மாதம் துப்பறியும் நண்பரின் முறை. ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். கூடுகையில் கொலைகாரன் பெயரை ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துப் போட்ட பிறகுதான் மீதியை அவர் வாசிப்பாராம். நான் நேற்று ராத்திரியே அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கை பரபரக்கிறது என்று மிச்சப் பக்கங்களுக்கு ஒரு கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு அந்த வக்கீல் மேல்தான் சந்தேகம்.