கழற்றியவன் பேசுகிறேன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போன் ஓயவில்லை. அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் நம் வட்டத்தில் யாரும் மிச்சம் இருக்க மாட்டீர்கள். கதவில்லாத எங்கள் வீட்டு வாசல், ஓடு இறக்கிய கூரையில் வெறுமனே நிற்கிற பனங்கைச் சட்டங்கள், கீழே "காசுக்காகத் தாத்தா வீட்டைத் தோலுரிக்கிறார்கள்" என்று பெரியப்பா மகன் எழுதிய நாலு வரி. அழுகிற பொம்மைகள் மட்டும் முந்நூறு. சரி அண்ணே, நானும் எழுதுகிறேன்.

இடிப்பது வேறு, கழற்றுவது வேறு. இதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னார்குடியிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார், சுற்றிப் பார்த்தார், "மரம், ஓடு, கல் எல்லாம் எனக்கு, மொத்தமா ஒன்னேகால் லட்சம், ஜேசிபி விட்டு மூணு நாள்ல தரையாக்கித் தரேன்" என்றார். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் ஊருக்கு வருவதற்குள் வெறும் மனைதான் இருந்திருக்கும், படம் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. அதே மனையில் புது வீடு கட்டத்தான், நான் நாலு ஆள் வைத்து இருபத்திரண்டு நாள் கழற்றினேன். முகட்டிலிருந்து ஓடு, பிறகு ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டம், பனங்கை, உத்திரம், அதற்கப்புறம்தான் சுவர். கதவை மட்டும் திருட்டுக்குப் பயந்து முதல் நாளே எடுத்து வைத்தோம். வாசல் நிலையை அப்படிப் பிடுங்க முடியாது, மேலே நிற்கிற சுவர் தலையில் இறங்கிவிடும். நீங்கள் படம் எடுத்தது அந்த இடைப்பட்ட நாளில். பிணம் மாதிரி இருக்கிறது என்று எழுதினீர்கள். பாதியில் நிற்கிற எந்த வேலையும் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

அந்த இருபத்திரண்டு நாளில்தான் அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்றே எனக்குத் தெரிந்தது. தாத்தா காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரை, கொத்துக்கரண்டியால் தட்டினால் செங்கல் முழுசாக வருகிறது. பின்னால் அப்பா சிமென்ட் வைத்துக் கட்டிய அடுப்படியில் ஒரு கல் தேறவில்லை, காரையோடு சேர்ந்தே நொறுங்கியது. (அப்பா இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.) தேறிய கல்லெல்லாம் சுத்தம் செய்து அடுக்கியிருக்கிறது, உடைந்தது புது வீட்டுத் தரைக்கு அடியில் போகும். வாசல் நிலையும் கதவும் அதே இடத்தில் திரும்ப நிற்கும். இதற்குப் பெயர் தோலுரிப்பதாம்.

"பழுது பார்த்திருக்கலாமே?" கேட்பீர்கள், தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் பாதி ஓடு பறந்தது. மறுநாள் அம்மா தனியாக அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாரும் படம் எடுக்க வரவில்லை. ஓடு மாற்றப் பங்கு கேட்டு நான் போன் செய்தபோது "பார்க்கலாம்" என்றவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உத்திரம் சுவருக்குள் போகிற முனையைக் கறையான் தின்றிருந்ததை ஆசாரி திருப்புளியை விட்டுக் காட்டினார், கைப்பிடி வரை உள்ளே போனது. கழிப்பறை கொல்லையில். எழுபத்தாறு வயதில் ராத்திரி அந்தப் படியில் விழுந்தது உங்கள் அம்மா இல்லை.

"முற்றத்தையாவது விட்டிருக்கலாம்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். இடம் இல்லை அம்மா. அவ்வளவுதான்.

விற்றேனா? விற்றேன். நாலு ஜன்னலும் ரெண்டு தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றுக்குப் போயின, அந்தக் காசு கழற்றிய கூலிக்கே சரியாகப் போனது. அண்ணே, உங்கள் சென்னை ஃபிளாட் ஹாலில் டிவி பக்கத்தில் ஒரு தேக்குத் தூண் நிற்கிறதே, எதையும் தாங்காமல், மேலே ஒரு மணி பிளான்ட்டோடு, அது எந்தக் காட்டில் அப்படியே முளைத்தது? யாரோ ஒருத்தர் வீட்டில் என்னை மாதிரி ஒருவன் கழற்றியதுதானே? முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டு வாசலில் குடும்பத்தோடு நின்று "நம் மரபு" என்று போட்டீர்கள். அந்த வீடும் ஊரில் பிரித்து, லாரியில் வந்து, அங்கே திரும்பப் பொருத்தியதுதான். அங்கே கழற்றினால் மரபு, நான் கழற்றினால் காசு.

கடைசி நாள், கீழே இறக்கிய கூடத்து விட்டத்தில் தூளி கட்டுகிற வளையம் ஒன்று மாட்டியிருந்தது, துரு ஏறி அசையவில்லை. அதை மட்டும் அறுக்காமல் எடுத்துக் கொடு என்றாள் அம்மா. உன்னையும் அதில்தான் போட்டேன், அவனையும் அதில்தான் போட்டேன் என்றாள். அவன் என்றால் நீங்கள்தான், அண்ணே. அவளுக்கு அந்தப் பதிவை யாரோ வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

இன்னும் நானூறு ஓடு கொல்லையில் கிடக்கிறது, மங்களூர் ஓடு, உடையாதது. வீட்டை நினைத்து அழுத முந்நூறு பேரில் யார் வேண்டுமானாலும் வண்டி கொண்டு வந்து எடுத்துப் போகலாம். காசு வேண்டாம். ஏற்றுக்கூலி மட்டும் உங்களுடையது.