பானெட்டைத் தூக்காமலே ஸ்டேஜ் ஒன்னாம், ஸ்டேஜ் டூவாம்!

ஏனுங்க, வண்டி ட்யூனிங் கடைக்குள்ள வந்ததும் பானெட்டைக்கூடத் தூக்காம "ஸ்டேஜ் ஒன்னா, ஸ்டேஜ் டூவாங்ண்ணா?"ன்னு கேக்கறதுக்குப் பேரு ட்யூனிங்கா? ஸ்டேஜ்னா இன்ஜின் பவரை ஏத்தறோம்னு இவிங்க படிப்படியா விக்கற பேக்கேஜ்ங்க. பம்பும் மோட்டாரும் செஞ்சு ஊரு ஊரா அனுப்பற கோயமுத்தூரு இது. செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு கார் ரேஸ் ட்ராக்கே இருக்குது. இங்கயுமா இந்தக் கூத்து?

1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. அதுக்குப் போயி கூம்பு மாதிரி மூடியில்லாத கோன் ஏர் ஃபில்டரையும், பொகையைத் தடுக்காம விடற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரையும் தலையில கட்டறாங்க. கம்பெனி ஏர்பாக்ஸ், அதான் ஏர் ஃபில்டர் பொட்டி, முன்பக்கத்துல இருந்து வெளிக்காத்தை இழுக்கற மாதிரி குழாய் வெச்சிருப்பான். அதைக் கழட்டிட்டு கோனை மொட்டையா மாட்டினா, பானெட்டுக்குள்ள வெந்துட்டு இருக்கற காத்துதான் உள்ள போகும். மே மாச வெயில்ல அவிநாசி ரோடு சிக்னல்ல நிக்கறப்ப வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ஓபிடி ஸ்கேனரைச் சொருகி, இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூட்டை (இன்டேக் டெம்பரேச்சர்) பாருங்க, ஏறிட்டே இருக்கும். காத்து சூடானா அடர்த்தி கொறையும். பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு நாக்கிங் வந்துரும்னு, இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டரான ஈசியூ தீப்பொறி விடற நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்கு இழுக்கும். ஆக மொத்தம், காசைக் குடுத்துப் பவரைக் கொறைச்சாச்சு. மிச்சம் சத்தம்தான்.

டர்போ வண்டியில ரீமேப்புக்கு, அதான் ஈசியூ புரோகிராமை மாத்தறதுக்கு, பலன் இருக்கு, இல்லைங்கல. ஆனா அங்கதான் அநியாயமே. 75 பிஎஸ் மல்டிஜெட் டீசல்ல கம்பெனி குடுத்த டார்க், அதான் இழுவை, 190 என்எம். "240 ஆக்கித் தர்றேங்ண்ணா"ங்கறாங்களே, லட்சம் கிலோமீட்டர் ஓடுன கிளட்ச் அதைத் தாங்குமான்னு ஒருத்தராச்சும் சொல்றாங்களா? பாக்கறது என்ன பெரிய வித்தையா? காலி ரோட்டுல நாலாவது கியர்ல 50ல போயி ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா, ஆர்பிஎம் மட்டும் துள்ளி ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. மொதல்ல அதை மாத்தோணும்.

கரும்பொகையைக் காட்டிப் பெருமை வேற! பொகைன்னா முழுசா எரியாத டீசல்ங்க. காத்து பத்தாத எடத்துல டீசலை அள்ளி ஊத்தினா எக்ஸாஸ்ட் சூடு எகிறி டர்போவும் பிஸ்டனும்தான் அடி வாங்கும். பாதி வண்டியில டர்போ காத்தைக் குளிர வெக்கற இன்டர்கூலரோட ஹோஸ் ஆயில்ல ஊறி வெடிச்சிருக்கும், டர்போ தள்ளற காத்து (பூஸ்ட்) அங்கயே ஒழுகும். அந்த ஹோஸை மாத்தினாலே பழைய இழுவை பாதி திரும்பிரும். அதை விட்டுப்போட்டு ஈசியூ மேப்புல டீசல் அளவை ஏத்தறாங்க. பிஎஸ்6 வண்டியில கரியைப் பிடிச்சு வெக்கற டிபிஎஃப் ஃபில்டரைப் பிடுங்கச் சொல்ற மகராசனுங்க வேற இருக்காங்க. பொல்யூஷன் டெஸ்ட்டுல நிக்கறது அவிங்க இல்லையே!

காசைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. பெட்ரோல்னா சிலிண்டர் அழுத்தத்தை அளக்கற கம்ப்ரஷன் டெஸ்ட், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா ரீமேப் பேச்சே வேண்டாம். டீசல்னா ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பற டீசல் அளவு (இன்ஜெக்டர் ரிட்டர்ன்). பவரை அளக்கற டைனோ மெஷின்ல ஒரே நாள், ஒரே கியர், ரீமேப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் மூணு மூணு ஓட்டம். ரீமேப்புக்குப் பின்னாடி எடுத்த டைனோ ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினா எழுந்து வந்துருங்க. ஈசியூவுல இருந்த கம்பெனி ஒரிஜினல் ஃபைல் காப்பியையும் கையோட வாங்கிருங்க, நாளைக்குச் சென்சர் மக்கர் பண்ணா அதைப் போட்டுத்தான் பழுது எதுலன்னு பிரிச்சுப் பாக்க முடியும்.

பிரேக்கைப் பத்தி மட்டும் ஒரு ஆளு வாயத் தொறக்கறதில்லை. வால்பாறை மலையில 40 கொண்டை ஊசி வளைவு. ஏறறதுக்கு 50 என்எம் சேத்து வித்தவரு, எறங்கறதுக்குப் பழைய பிரேக் ஆயிலை வடிச்சுப் புது டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தச் சொன்னா என்னங்க? அதுல அவருக்கு என்ன லாபம் நிக்கப் போகுது!