கூட வந்தவங்க யாரு?

எங்கள் ஊர் தாலுகா ஆஸ்பத்திரிக்குள் யார் நுழைந்தாலும் காதில் விழுகிற முதல் கேள்வி இதுதான்: "கூட வந்தவங்க யாரு?" அப்பாவைப் பாம்பு கடித்து அங்கே இருந்த எட்டு மணி நேரத்தில் குறைந்தது இருபது தடவையாவது "நான்தான்" என்று ஓடியிருப்பேன். சீட்டு போட, ஸ்ட்ரெச்சர் தள்ள, ரத்தத்தை லேபுக்குக் கொண்டு போக, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க, வாந்தி எடுத்த இடத்தைத் துடைக்க, எல்லாவற்றுக்கும் நான்தான். ஆனால் அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று சொல்வதற்காக அந்தக் கூட வந்தவனை ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. அப்பா வீட்டில் நடமாடுகிறார். எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரிதான் வரும். விடிகாலை மூன்றரைக்கு மோட்டார் போடப் போனவரை வரப்பில் கடித்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அப்பாவே பார்த்திருக்கிறார்: தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமாக. கண்ணாடி விரியன். பக்கத்து வயல் அண்ணன் வண்டியை எடுக்க, அப்பாவை நடுவில் உட்கார வைத்து நான் பின்னால் பிடித்துக்கொள்ள, நாலேகாலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். இறுக்கிக் கட்டவில்லை, பிளேடால் கீறவில்லை, மந்திரிக்கிறவர் வீட்டுக்குப் போகவில்லை. பாம்பு கடித்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறார்களே, அதை அட்சரம் பிசகாமல் செய்தோம். அம்மா பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்.

கேஷுவாலிட்டியில் ஒரே ஒரு சிஸ்டர். டூட்டி டாக்டர் பிரசவ வார்டில் இருந்தார். இதில் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், அவர்கள் தலையில் மூன்று வார்டு என்றால் அவர்களும் மனுஷர்கள்தானே. அந்த சிஸ்டர் தொகுப்பூதியத்தில் இருப்பவராகக்கூட இருக்கலாம். வந்த ஐந்தாவது நிமிஷத்தில் அப்பா கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் திட்டில் ஓர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடினார். அது எதற்கு என்று சொல்லவில்லை. நான் கேட்டேன். "டெஸ்ட்டு தம்பி, வெயிட் பண்ணுங்க." அவ்வளவுதான்.

சரி என்று நின்றேன். அப்பாவின் கால் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி வீங்கிக்கொண்டே போகிறது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தரை துடைக்க வந்த ஆயா அம்மா ஜன்னல் திட்டையும் துடைத்தார். குழாயைக் கையில் எடுத்தார், ஒரு முறை ஆட்டிப் பார்த்தார், கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். என் கண் முன்னால்தான் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. எனக்கு என்ன தெரியும்? இருபது நிமிஷம் கழித்து வந்த சிஸ்டர் குழாயைக் காணாமல், "யாரு எடுத்தது? நீங்க இங்கதானே நின்னீங்க? பாத்துக்க மாட்டீங்களா?" என்று என்னைத்தான் திட்டினார். திரும்ப ரத்தம் எடுத்தார்கள். திரும்ப இருபது நிமிஷம்.

அது என்ன சோதனை என்று பிறகு பெரியாஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் விட்டு இருபது நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வேண்டியது ஒரு குழாயும் அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான். அந்த ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தானே! "தம்பி, இதை இருபது நிமிஷம் யாரும் தொடாம பாத்துக்கோ, இதை வெச்சுத்தான் மருந்து போடணும்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் தலை போனாலும் அந்தக் குழாயை யாரையும் தொட விட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு வாக்கியம் சொல்லாததற்கு அப்பா கொடுத்த விலை அரை மணி நேரம். பாம்புக்கடியில் அரை மணி நேரம் என்றால் என்னவென்று சிறுநீரகம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மருந்து இருந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். தனியார் மருந்துக்கடையில் வாங்கி வா என்று எங்களை யாரும் அனுப்பவில்லை. 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி மொத்தமாக மருந்து வாங்கி ஊர் ஊராக அனுப்புகிற ஏற்பாட்டைச் செய்த மாநிலம் இது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மருந்து வந்த பாதையை யோசித்தாலே மலைப்பாக இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து பிரித்து, பொடியாக்கி, சின்ன பாட்டிலில் அடைத்து, அந்தப் பாட்டில் எங்கள் ஊர் ஃப்ரிட்ஜ் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவ்வளவு தூரம் மருந்து வந்துவிட்டது, சிஸ்டர் மேஜையிலிருந்து பத்தடியில் நிற்கிற என்னிடம் ஒரு வார்த்தை வந்து சேரவில்லை.

மருந்து ஏற ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அம்மா அலறிவிட்டார். "வெளிய போங்கம்மா, சத்தம் போடாதீங்க!" என்று அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஏதோ ஊசி போட்டார்கள், பத்து நிமிஷத்தில் நடுக்கம் அடங்கிவிட்டது. இந்த மருந்துக்கு இப்படி ஒவ்வாமை வருவது சாதாரணம், அதற்கு மாற்று ஊசி பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஏற்றுவதற்கு முன்னால், "கொஞ்சம் நடுக்கம் வரலாம், பயப்படாதீங்க, நாங்க பாத்துக்குவோம்" என்று அம்மாவிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி இல்லாததால் அம்மா அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். புருஷன் போய்விட்டார் என்றே நினைத்துவிட்டார்.

கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அம்மா உள்ளே போனால் நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு நூறு ரூபாய். இதையெல்லாம் எழுதினால் பக்கம் போதாது, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் மூத்திரப் பை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவுக்குக் குழாய் போட்டுப் பை மாட்டியிருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு, "கூட வந்தவங்க யாரு? இதைக் கொட்டிட்டு வாங்க" என்று வார்டு ஆயா அம்மா சொன்னார். பையில் ஒரு டம்ளர்கூட இருக்காது. கடுங்காப்பி நிறம். கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிவிட்டு வந்தேன். பதினோரு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பையைப் பார்த்தார். "எவ்வளவு யூரின் போச்சு? என்ன கலர்ல போச்சு? யாரு கொட்டினது?" நான்தான் என்றேன். "அளக்காம கொட்டுவாங்களா? படிச்சவர்தானே நீங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். சார், நான் பி.காம் படித்திருக்கிறேன். விரியன் கடித்தவருக்கு மூத்திரத்தின் அளவும் நிறமும்தான் சிறுநீரகத்தின் நிலைமையைச் சொல்லும் என்று பி.காமில் பாடம் கிடையாது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டம்ளரில் அளந்து மணி போட்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பேன். உங்கள் வேலையையும் சேர்த்துத்தானே காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்?

அடுத்த பத்து நிமிஷத்தில் சிஸ்டர் வந்து, "பெரியாஸ்பத்திரிக்கு எழுதியாச்சு, 108-க்குச் சொல்லியாச்சு, கிளம்புங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "அங்க போனா சொல்லுவாங்க." எங்களுக்கு விளங்கிய ஒரே அர்த்தம், இங்கே கைவிட்டுவிட்டார்கள் என்பதுதான். டயாலிசிஸ் தேவைப்படலாம், அந்த வசதி இங்கே இல்லை, அதனால்தான் அனுப்புகிறோம் என்று சொன்னால் எங்களுக்குப் புரியாதா? கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றே முக்கால். அங்கே டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அதில் மூன்று வரிதான். பாம்புக்கடி, விஷமுறிவு மருந்து கொடுக்கப்பட்டது, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. கடித்த நேரம் இல்லை. எத்தனை பாட்டில் என்று இல்லை. எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்று இல்லை. அலர்ஜி வந்ததும் இல்லை. "எத்தனை பாட்டில் போட்டாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. அங்கிருந்து போன் போட்டுப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. அப்போது பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "பத்துங்கய்யா. பத்து குப்பி உடைச்சாங்க. தட்டுல போடப் போட எண்ணிக்கிட்டே இருந்தேன். ஆரம்பிக்கும்போது வெளிய கோயில்ல ஆறு மணிப் பாட்டு போட்டாங்க. நடுவுல குளிர் வந்து நிறுத்தினாங்க, அப்புறம் திரும்பப் போட்டாங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடமே போகாத என் அம்மா எண்ணி வைத்த கணக்குதான் அப்பாவின் மருத்துவக் குறிப்பு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, திரும்ப அதே குழாய்ச் சோதனை செய்து, மேற்கொண்டு மருந்து ஏற்றினார்கள். அடுத்த பத்து நாளில் மூன்று டயாலிசிஸ். பிழைத்தார்.

2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாகக் கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு கடியும் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நல்லது, மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்கேயோ உட்கார்ந்து கணக்கெடுப்பவருக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல், அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அடுத்த டாக்டருக்கே போய்ச் சேரவில்லையே, இதற்கு யாரிடம் போவது? தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளிகளின் உரிமைகள் என்று பதினேழை வரிசைப்படுத்தியது. அதில் முதலாவதே தகவல் பெறும் உரிமைதான். எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் எச்சில் துப்பாதே என்று இருக்கிறது, செல்போனில் பேசாதே என்று இருக்கிறது. இந்தப் பதினேழில் ஒன்றுகூட இல்லை.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன், கண்ணால் பார்த்தேன். ஆள் இல்லாததால்தானே கூட வந்தவர்களை வைத்து ஆஸ்பத்திரியை ஓட்டுகிறீர்கள்? அப்படியானால் அந்த ஆளுக்கு என்ன ஏது என்று சொல்லி வேலை வாங்குங்கள். எங்களை வேலை வாங்க நேரம் இருக்கிறது, திட்ட நேரம் இருக்கிறது, சொல்ல மட்டும் நேரம் இல்லையா? எதற்கு எடுத்தாலும் "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்கும் ஆள் பற்றாக்குறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டு ஆள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் ஆறு மாதத்தில் அந்தப் பார்வை வந்துவிடுகிறது.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறேன். மாற்றி அனுப்பும் சீட்டில் கடித்த நேரம், பாட்டில் எண்ணிக்கை, ஏற்றிய நேரம், ஒவ்வாமை இந்த நாலுக்கும் கட்டம் போட்டு அச்சடியுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

காப்பீட்டுக்காக ஒரு காகிதம் வாங்க மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவைச் சேர்த்திருந்த அன்றைக்கு அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மூச்சு வாங்கியது. "கூட வந்தவங்க யாரு?" என்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மூன்று பேர் கேட்டார்கள். யாரும் இல்லை. அவருடைய ரத்தக் குழாய் பதினோரு மணி வரைக்கும் லேபுக்குப் போகாமல் மேஜையிலேயே கிடந்தது. நான்தான் போகிற போக்கில் அப்பாவுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் ஆம்புலன்ஸில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "ரிசல்ட்டு என்னான்னு கேட்டுச் சொல்லுப்பா" என்றார். அந்த அவசரத்தில் கேட்காமலே வந்துவிட்டேன். அதனால் காகிதம் வாங்கப் போன அன்று வார்டுக்குப் போய் அவரைப் பற்றி விசாரித்தேன். மேஜையில் இருந்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"நீங்க அவர்கூட வந்தவரா?"

இல்லை என்றேன். "அப்ப எதுக்குக் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக்கொண்டார். அவர் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.