மறந்தது என் குற்றமில்லை

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு போன். பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் "உங்கள் ஆர்டர் ரத்து" என்று மெசேஜ் போய்க்கொண்டிருக்கிறது. காரணம் எங்கள் கம்பெனி புரோகிராமில் நான் மாற்றிய ஒரே ஒரு வரி. ஆர்டர், பில்லிங், டெலிவரி மூன்றும் தனித்தனி புரோகிராம்கள், சர்வீஸ் என்போம். ஆர்டர் நிலையைக் குறிக்கும் எண்ணை பில்லிங்குக்கு அப்படியே அனுப்பினேன். ஆர்டர் சர்வீஸில் ஸ்டேட்டஸ் 3 என்றால் பணம் வந்துவிட்டது. பில்லிங்கில் அதே 3 என்றால் ரத்து! டெலிவரியில் 3 என்ற ஒன்றே கிடையாது, வந்தால் சத்தமில்லாமல் 0 ஆக்கிக்கொள்ளும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இந்த சிஸ்டத்தை உருவாக்கியவர் எப்போதோ கேப் டவுனுக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

காலையில் மேனேஜர் கேட்கிறார், "இதுகூட ஞாபகமில்லையா?"

எதை ஐயா ஞாபகம் வைப்பது? ஒரு தள்ளுபடி விதியை மாற்ற ஆறு சர்வீஸ், அமைப்புகளை எழுதி வைத்த மூன்று கன்ஃபிக் ஃபைல், ராத்திரியில் தானாக ஓடும் ஒரு ஜாப், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் நிற்க வேண்டும். ஒரு சமயத்தில் மனதில் நிற்பது ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956-லேயே உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிவிட்டார். 2001-ல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதையும் சுமார் நான்காகக் குறைத்தார். தாங்காத பாரத்தை வண்டியில் ஏற்றிவிட்டு மாட்டை அடிக்கிறார்கள்.

இந்தத் தென்னாப்பிரிக்காவின் அடையாள எண்ணைப் பாருங்கள். 13 இலக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா அதைக் கடகடவென்று ஒப்பிக்கிறார். முதல் ஆறும் பிறந்த தேதி, மனப்பாடமே வேண்டாம். அடுத்த நான்கு, 5000-இலிருந்து மேலே என்றால் ஆண், கீழே என்றால் பெண். (நிறவெறிக் காலத்தில் இதே எண்ணுக்குள் இனத்தையும் வைத்தார்கள், அந்தக் கொடுமையை மறக்கவில்லை.) கடைசி இலக்கம் காவல்: ஓர் இலக்கம் தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மனிதன் தப்புவான் என்று தெரிந்து கட்டியது. எங்கள் சிஸ்டத்தில் அந்தக் காவல் எங்கே?

மாறக்கூடிய முடிவை புரோகிராமின் ஒரு பகுதிக்குள், அதாவது ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவை, மற்றவர்களுக்கு அது தெரியவே வேண்டாம் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் சொன்னது 1972-ல். ஆர்டரின் நிலையை ஒரே இடம் சொல்லட்டும், "பணம் வந்தது" என்று பெயரோடு சொல்லட்டும். மூன்று வருஷமாகக் கேட்கிறேன். "இந்த ரிலீஸ் முடியட்டும்" என்பதுதான் பதில்.

இன்று எடுத்த முடிவு என்ன தெரியுமா? மாற்றத்தை ஓடும் சிஸ்டத்தில் ஏற்றுமுன் (டெப்ளாய்) எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட 41 வரியில் ஒரு செக்லிஸ்ட். நான் போடவில்லை. எண்களை எடுத்துவிட்டுப் பெயர் வைத்த பிராஞ்ச், அதாவது தனியாகத் திருத்தும் கோட் பிரதி, என் லேப்டாப்பில் பாதி முடிந்திருக்கிறது. திங்கட்கிழமை ரிவ்யூவுக்கு அனுப்புகிறேன்.