கால் எலும்பு முறிந்தால் ஆட்டாமல் அசைக்காமல் படுத்தே கிடக்க வேண்டுமா?

"எலும்பு முழுதாகக் கூடும்வரை காலை அசைக்கவே கூடாது, பிசியோதெரபி எல்லாம் கட்டுப் பிரித்த பிறகுதான்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பிப் படுத்துவிடுபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

அசையக் கூடாதது முறிந்த இடம் மட்டும்தான். அதை மாவுக்கட்டோ, உள்ளே வைத்த கம்பியோ தகடோ பிடித்துக்கொள்கிறது. மற்ற பகுதிகள் சும்மா கிடந்தால் தொடைத்தசை சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவு மெலியும், முழங்காலும் கணுக்காலும் இறுகும், கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். அதனால்தான் கட்டு இருக்கும்போதே விரல்களை அசைக்க, தொடைத்தசையை இறுக்கித் தளர்த்தச் சொல்லித் தருகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களைக்கூட, பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள்.

அதற்காக உடனே காலை ஊன்றி நடந்துவிடவும் கூடாது. எப்போது, எவ்வளவு எடை என்பது முறிவின் வகையையும் பொருத்திய முறையையும் பொறுத்தது. அதை எக்ஸ்ரே பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு கூடுவதற்கே பலருக்கு 3 முதல் 6 மாதம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது நடந்தார் என்பது இங்கே உதவாது.

பயிற்சியில் கொஞ்சம் வலி இருக்கும், சரி. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய் விரல்கள் மரத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.