வைசியாள் வீதிக்காரங்கள யாராவது கேட்டீங்களா?

பாண்டிச்சேரிக்கு வீக்கெண்ட் வர்றவங்க மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. சென்னை, பெங்களூர்லேர்ந்து ஆசையாத்தான் வர்றாங்க. ஆனா டூரிசம்னு எந்த முடிவு எடுத்தாலும், ரெண்டு மூணு தலைமுறையா அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க காதுக்கு அது கடைசியாத்தான் வருது, அதத்தான் தாங்க முடியல.

பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கால, நம்ம தமிழ்ப் பகுதியில வைசியாள் வீதி இருக்கே (போர்டுல கால்வே சுப்பராய செட்டி வீதி), அங்க 2002லேர்ந்து 2004 வரைக்கும் ஐரோப்பிய யூனியன் உதவியோட ஆசியா அர்ப்ஸ்னு ஒரு நகர மேம்பாட்டுத் திட்டம் நடந்துச்சு. பாரம்பரியக் கட்டடங்களப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்போட ஆளுங்க வீட்டுக்காரங்களோட உக்காந்து பேசி, செலவுல ஒரு பங்கு திட்டத்துலேர்ந்தும் மீதி வீட்டுக்காரங்க கையிலேர்ந்தும்னு முகப்பு, திண்ணை, தெருவ ஒட்டின தாழ்வாரம் எல்லாத்தையும் மீட்டாங்க. தன் காசும் சேர்ந்து போனதால ஒவ்வொருத்தரும் கூடவே நின்னு பாத்தாங்க. 2008ல யுனெஸ்கோ ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகள்ல அந்தத் தெருவுக்கு அங்கீகாரம் கெடச்சுது.

இப்ப சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் போய் பாருங்க. யார் வீட்டுத் திண்ணையிலயோ ஏறி உக்காந்து போட்டோ ஷூட், கோலத்து மேலயே பைக் ஸ்டாண்ட், உள்ள இருக்கிற வயசான அம்மா வெளிய வந்து காத்து வாங்கக்கூட எடமில்ல.

அந்த வீட்டக் காப்பாத்துறது லேசுப்பட்ட வேலையா? மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரத்து மேல சின்னச் செங்கல்ல குத்தவச்சு சுண்ணாம்புல கட்டுனது, மழைக்கு ஒழுகுனா அத சரி பண்ணத் தெரிஞ்ச கொத்தனாரே கெடைக்கிறதில்ல, கெடச்சாலும் கூலி கட்டுப்படியாகல, இதுல அண்ணன் தம்பி அஞ்சு பங்கு வேற, அப்புறம் இடிச்சு கான்கிரீட் போடாம என்ன பண்ணுவாங்க? சர்க்காரோட பழைய நகராட்சிக் கட்டடம், மேரின்னு சொல்வாங்களே, அதுவே 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்துச்சு, ஒரு குடும்பத்த மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

அதனால கேக்குறேன். பார்க்கிங் வசூல்ல ஒரு பங்க அந்தந்தத் தெருவுக்கே குடுங்க, கூரை ரிப்பேருக்கு வட்டியில்லாக் கடன் குடுங்க. சொந்த வீட்டுல ரெண்டு ரூம டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுறவங்களுக்கு லைசென்ஸ ஈஸியாக்குங்க. நம்ம தெருப் பசங்களுக்கு கைடு பயிற்சி குடுங்க. அடுத்த பிளான் மீட்டிங்க ஹோட்டல் ஹால்ல வைக்காம அந்தத் தெருவுலயே, வேலைக்குப் போய்ட்டு வந்தவங்களும் வர்ற மாதிரி சாயங்காலம் ஏழு மணிக்கு வைங்க, தமிழ்ல பேசுங்க.